வெளிச்சத்தின் முன் மூப்பு செல்லாது

வானத்துப் பொருள்களின் வடிவத்தை அறியலாம், தொலைவை அளக்கலாம், எவ்வளவு பெரியவை, எப்படி நகர்கின்றன என்றும் கண்டுபிடிக்கலாம். ஆனால் அவை எந்தப் பொருளால் ஆனவை என்பதை மட்டும் மனிதனால் ஒருநாளும் அறிய முடியாது. 1835இல் இப்படித் தீர்ப்பு எழுதியவர் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஒகுஸ்த் கோம்த். அவர் ஏதோ விவரமில்லாமல் சொன்னதாக நினைக்க வேண்டாம். அறிவியலை மதித்தவர், சமூகவியல் என்ற துறைக்கே பெயர் சூட்டியவர். அவருடைய நியாயமும் நேரானது. ஒரு பொருளைப் பகுத்துப் பார்க்க வேண்டுமென்றால் அது கைக்கு வர வேண்டும், விண்மீன் கைக்கு வராது, எனவே தெரியாது. அன்றைக்கு யாரிடம் கேட்டிருந்தாலும் சரிதான் என்று தலையாட்டியிருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தீர்ப்புக்கு 21 ஆண்டுகள் முன்பே அதை உடைக்கும் சாட்சியம் ஜெர்மனியில் ஒரு கண்ணாடித் தொழிலாளியின் கண்ணில் பட்டுவிட்டது. அச்சிலும் ஏறிவிட்டது.

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஒளியை வைத்து விண்மீனைப் படித்த கதையை வகுப்பில் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது இந்த வயதில் திரும்பப் படிக்கும்போது, அது மாணவர்களைவிட என் வயதுக்காரர்களுக்கே அதிகம் தேவைப்படும் கதை என்று படுகிறது. மூப்பு வந்தால் கண் மங்குகிறது, காது மந்தமாகிறது. “அது நடக்காதப்பா” என்று சொல்லும் குரல் மட்டும் முன்பைவிடக் கணீரென்று ஆகிவிடுகிறது.

அந்தக் கண்ணாடித் தொழிலாளியிடம் வருவோம். யோசஃப் ஃபிரான்ஹோஃபர் 1787இல் பவேரியாவின் ஸ்ட்ராபிங் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனாருக்கும் கண்ணாடித் தொழில்தான். பதினொரு வயதில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. மியூனிக் நகரத்தில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் சம்பளமில்லாத எடுபிடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பட்டறைக்காரர் பையனைப் படிக்க விடவில்லை. 1801இல் அந்தக் கட்டடம் இடிந்து விழுந்தது. இடிபாட்டுக்குள்ளிருந்து பையனை உயிரோடு எடுத்தபோது பவேரிய ஆட்சியாளர் மாக்ஸிமிலியன் அங்கே வந்திருந்தார். இரக்கப்பட்டுப் பணம் கொடுத்தார். அந்தப் பணத்தில் பையன் கண்ணாடி அறுக்கும் இயந்திரம் வாங்கினான். பட்டறையோடு இருந்த ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த காலத்தையும் பணம் கட்டித் தீர்த்துக்கொண்டான். கையில் காசு கண்ட பதினான்கு வயதுப் பையன் செய்த செலவு இது.

பிறகு பெனடிக்ட்பாயர்ன் என்ற இடத்தில், பழைய மடம் ஒன்றில் நடந்த கண்ணாடி உருக்கும் கூடத்தில் அவர் வேலை செய்தார். அவருக்கு விண்மீன் ஆராய்ச்சி நோக்கமே கிடையாது. விற்பனைக்கு நல்ல லென்ஸ் செய்ய வேண்டும். ஓரத்தில் நிறம் பிரிந்து பிம்பம் கலங்கக் கூடாது. அதற்கு ஒவ்வொரு நிறத்தையும் ஒரு கண்ணாடி எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது. 1814இல் குறுகிய பிளவு வழியாக வெயிலை உள்ளே விட்டு, முப்பட்டகத்தில் பிரித்து, நில அளவைக்குப் பயன்படும் தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். ஏழு நிறமும் பட்டையாகத் தெரிந்தது. அந்தப் பட்டைக்குக் குறுக்கே, நூலிழை நூலிழையாகக் கறுப்புக் கோடுகள்.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு இங்கிலாந்தில் வொல்லஸ்டன் என்ற அறிஞரும் சில கோடுகளைப் பார்த்திருக்கிறார். நிறத்துக்கும் நிறத்துக்கும் இடையிலான எல்லை போலும் என்று விட்டுவிட்டார். ஃபிரான்ஹோஃபர் விடவில்லை. கருவியின் கோளாறா என்று சோதித்தார். இல்லை என்று தெரிந்ததும் 570க்கு மேற்பட்ட கோடுகளை இடம் குறித்து வரைபடமாக்கினார். முக்கியமானவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து வைத்தார். அந்த எழுத்துகளை இன்றும் நாங்கள் ஆய்வகத்தில் சொல்கிறோம். அதோடு நிற்காமல் வெள்ளிக் கிரகத்தின் பக்கம் கருவியைத் திருப்பினார். வெயிலில் இருந்த அதே கோடுகள். வெள்ளி, சூரிய ஒளியைத்தானே திருப்பி அனுப்புகிறது! பிறகு சிரியஸ் விண்மீன். அங்கே கோடுகளின் அமைப்பே வேறு. நம் காற்றோ கருவியோ மட்டும் போடும் கோடுகளாக இருந்தால் இரண்டிலும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? அந்தக் கோடு அந்தந்த விண்மீனுக்கே சொந்தம்.

பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத கைத்தொழில்காரரை அறிஞர் அவையில் சமமாக உட்கார வைக்க மியூனிக் பெரியவர்கள் சிலருக்கு மனம் வரவில்லை. 1826இல், 39 வயதில், காசநோயில் அவர் இறந்தார். அந்தக் கோடுகள் என்னவென்று கடைசி வரை அவருக்குத் தெரியாது.

விடை கிடைத்தது ஹைடல்பர்க் நகரில், 1859இல். அங்கே ராபர்ட் பன்சன் வேதியியல் பேராசிரியர், 48 வயது. இளமையில் ஆய்வகத்தில் நேர்ந்த வெடிப்பில் ஒரு கண் பார்வையை இழந்தவர். குஸ்டாவ் கிர்க்காஃப் இயற்பியல்காரர், 35 வயது. எந்த உப்பைச் சுடரில் காட்டினால் என்ன நிறம் வருகிறது என்பதை வைத்து அதில் இருக்கும் பொருளைக் கண்டுபிடிக்கப் பன்சன் முயன்றுகொண்டிருந்தார். நிறங்களைத் தரம் பிரிக்க வண்ணக் கண்ணாடிகளையும் வண்ண நீர்களையும் பயன்படுத்தினார். பதின்மூன்று வயது இளையவரான கிர்க்காஃப், “முப்பட்டகம் வழியாகப் பார்க்கலாமே” என்றார். பன்சன் தன் கண்ணாடிகளை ஒதுக்கி வைத்துவிட்டு முப்பட்டகத்துக்கு மாறினார். இந்தக் கட்டுரையில் வரும் பெரியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இந்த ஒற்றைக்கண் வேதியியல்காரர்தான்.

சாதம் பொங்கிக் கஞ்சி வழிந்து கேஸ் அடுப்பில் விழுந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பில் இருக்கும் சோடியத்தின் கையெழுத்து அது. முப்பட்டகம் வைத்துப் பார்த்தால் அந்த மஞ்சள் ஒட்டி நிற்கும் இரண்டு கோடுகளாகத் தெரியும். அலைநீளம் 589.0, 589.6 நானோமீட்டர். ஃபிரான்ஹோஃபர் டி என்று பெயரிட்ட கறுப்புக் கோடு சூரிய ஒளியில் இருக்கும் இடமும் அதுவே. கிர்க்காஃப் ஒரு சோதனை செய்தார். உப்புச் சுடர் வழியாக வெயிலைக் கடத்தினார். சுடரின் மஞ்சள், கறுப்புக் கோட்டை நிரப்பிவிடும் என்று எதிர்பார்த்தார். கோடு இன்னும் கறுத்தது! கொஞ்ச நேரம் அவருக்கே பிடிபடவில்லை. பிறகு பொருள் விளங்கியது. ஓர் ஆவி சூடாகும்போது எந்த நிறத்தை உமிழுமோ, தன்னைவிடச் சூடான இடத்திலிருந்து வரும் ஒளி தன்னைக் கடக்கும்போது அதே நிறத்தை விழுங்கும். ஆக, சூரியனைச் சூழ்ந்துள்ள ஆவியில் சோடியம் இருக்கிறது. இரும்பின் அறுபது கோடுகளை ஒப்பிட்டார், அறுபதும் பொருந்தின. இரும்பும் இருக்கிறது.

கைக்கு எட்டாத பொருள் தன்னிடம் இருப்பதைத் தான் விழுங்கிய நிறத்தால் சொல்லிவிட்டது. கோம்த் இறந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

கிர்க்காஃபைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவருடைய வங்கிக்காரர், “சூரியனில் தங்கமே இருந்தாலும் பூமிக்குக் கொண்டுவர முடியாதே, என்ன லாபம்?” என்று கேட்டாராம். பின்னாளில் இந்தக் கண்டுபிடிப்புக்கு இங்கிலாந்திலிருந்து தங்க நாணயமாகப் பரிசு வந்தது. அதை அதே வங்கியில் கட்டும்போது, “இதோ, சூரியனிலிருந்து வந்த தங்கம்” என்றாராம். உண்மையோ கட்டுக்கதையோ, எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த வழியில் அவர்கள் பூமியிலேயே புதிய தனிமங்களைக் கண்டார்கள். டர்க்ஹைம் ஊற்று நீரைக் காய்ச்சி வற்ற வைத்த மிச்சத்தில் யாரும் பார்த்திராத நீலக் கோடு தெரிந்தது. அதுதான் சீசியம், 1860. அதைக் கண்ணால் பார்க்கும் அளவுக்குச் சேர்க்கப் பன்சன் சுமார் 44,000 லிட்டர் நீரைச் சுண்டவைத்தார்.

அடுத்த காட்சி நம் பக்கத்தில். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சுக்காரர் ழான்சென் குண்டூரில் கருவியோடு காத்திருந்தார். மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் பாக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அதே மதராஸ் வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, தற்போதைய தெலங்கானாவில் உள்ள வனபர்த்தியிலிருந்து பார்த்தார். அவர் அதற்கு முந்தைய ஆண்டு ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். நம்மவர் பெயர்கள் பாடநூல்களில் வராமல் போவது வழக்கம் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

சூரியன் மறைந்ததும் விளிம்பில் எழும் செந்தழல்களின் ஒளியில் ஒரு பிரகாசமான மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியமாக இருக்கலாம் என்றே முதலில் எண்ணத் தோன்றும். ஆனால் சோடியத்தின் இடத்தில் அது இல்லை. சற்றுத் தள்ளி, 587.5 நானோமீட்டர் அருகில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பார்த்தார். பூமியில் எந்தப் பொருளும் இந்தக் கோட்டைத் தரவில்லை. எனவே இது சூரியனில் உள்ள புதிய தனிமம் என்ற முடிவுக்கு வந்தார். சூரியனின் கிரேக்கப் பெயரையொட்டி ஹீலியம் என்று பெயரும் வந்தது. வேதியியல்காரர்கள் பலர் நம்பவில்லை. குப்பியில் அடைத்துக் காட்ட முடியாத பொருளை ஒரு கோட்டை வைத்து எப்படி ஏற்பது? 27 ஆண்டுகள் கழிந்தன. 1895இல் லண்டனில் வில்லியம் ராம்சே, யுரேனியம் கலந்த ஒரு கனிமத்தை அமிலத்தில் இட்டபோது வந்த வாயுவில் அதே மஞ்சள் கோடு எழுந்தது.

யுரேனியக் கனிமத்துக்குள் ஹீலியம் எப்படிப் போனது? இதற்கு விடை சொன்னது கதிரியக்கம். 1908இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டும் அவருடைய மாணவர் ராய்ட்ஸும், கதிரியக்கப் பொருள்களிலிருந்து பாயும் ஆல்ஃபா துகள் எதுவென்று உறுதி செய்ய முனைந்தார்கள். அதற்காகப் பௌம்பாக் என்ற கண்ணாடிக் கைவினைஞர், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிட மெல்லிய சுவர் கொண்ட குழாய் ஊதிக் கொடுத்தார். காற்று கசியாது, ஆல்ஃபா துகள் மட்டும் துளைத்து வெளியேறும். ரேடான் வாயுவை உள்ளே அடைத்து, வெளிக்குழாயை வெற்றிடமாக்கிக் காத்திருந்தார்கள். சில நாள் கழித்து வெளிக்குழாயில் மின்சாரம் பாய்ச்சியபோது வந்தது அந்த மஞ்சள் கோடு. குண்டூரில் சூரியனின் விளிம்பில் தெரிந்த கோடு, மான்செஸ்டரில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள். அணு உடையும்போது தெறிப்பதும் சூரியனில் ஒளிர்வதும் ஒரே பொருள்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? ஃபிரான்ஹோஃபர் முதல் பௌம்பாக் வரை இந்தக் கதையில் திருப்பம் வரும் இடத்தில் எல்லாம் ஒரு கண்ணாடி வேலைக்காரர் நிற்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

இனி வருவதுதான் நான் சொல்ல வந்தது.

கோடு இருந்தால் பொருள் இருக்கிறது. சரி, எவ்வளவு இருக்கிறது? சூரிய ஒளியில் கால்சியம், இரும்பு, சோடியம் ஆகியவற்றின் கோடுகள் எடுப்பாகத் தெரிகின்றன. நம் பூமியிலும் இவை நிறைய. ஆகவே சூரியனும் பூமியும் ஏறக்குறைய ஒரே கலவை. பூமியைச் சூடாக்கினால் சூரியன் மாதிரிதான் இருக்கும் என்று அறிஞர்கள் நம்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் கால்வாசிக்கு இந்த நம்பிக்கை அசையவில்லை.

அசைக்கும் கருவியைச் செய்தவர் மேகநாத் சாஹா. டாக்காவுக்கு அருகில் ஒரு கிராமத்தில் சிறு கடைக்காரரின் மகன். பள்ளியில் படிக்கும்போது ஆங்கிலேய ஆளுநருக்கு எதிரான மறியலில் கலந்துகொண்டு வெளியேற்றப்பட்டவர். 1920இல், 26 வயதில், அவர் எழுதிய கட்டுரை ஒரு சமன்பாட்டைத் தந்தது. வெப்பமும் அழுத்தமும் எவ்வளவு இருந்தால் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்று அது சொல்லும். இதன் விளைவு பெரியது. ஒரு கோடு எடுப்பாக இருப்பதற்கு அந்தப் பொருள் மிகுதியாக இருப்பது மட்டும் காரணமாகாது. அந்த வெப்பநிலையில் அந்த அணு ஒளியை விழுங்கத் தோதான நிலையில் இருக்கிறதா என்பதும் சேரும்.

சிசிலியா பெய்ன் இங்கிலாந்தில் 1900இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். பெண்களுக்குப் பாடம் நடத்தும், பட்டம் தராது அந்தப் பல்கலைக்கழகம். 1948 வரை அப்படித்தான். 1919 சூரிய கிரகண ஆய்வைப் பற்றி வானியலாளர் ஆர்தர் எடிங்டன் ஆற்றிய உரையைக் கேட்டு மெய்மறந்து, அறைக்குப் போய் அதை நினைவிலிருந்தே எழுதி வைத்தாராம். வானியல்தான் இனி என்று முடிவு செய்து 1923இல் அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்துக்குப் போனார். அங்கே லட்சக்கணக்கான விண்மீன்களின் நிறமாலைகள் கண்ணாடித் தகடுகளில் பதிந்து கிடந்தன. அவற்றில் பெரும்பகுதியைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்தியவர் காது கேளாத அன்னி ஜம்ப் கேனன் அம்மையார். இந்தத் தகடுகளின் மேல் சாஹாவின் சமன்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டார் பெய்ன்.

கல்யாண வீட்டில் அதிகமாகச் சத்தம் கேட்பவரைப் பார்த்து, வேலை முழுவதையும் அவர்தான் செய்கிறார் என்று எண்ணிக்கொள்வோமே, அப்படித்தான் இருந்தது கால்சியத்தின் சங்கதி. சூரியனின் வெப்பத்தில் அதன் அணுக்கள் ஏறக்குறைய எல்லாமே ஒளியை விழுங்கத் தயாராக நிற்கின்றன. அதனால் கோடு அழுத்தமாக விழுகிறது. ஹைட்ரஜனுக்கோ, கண்ணுக்குத் தெரியும் கோட்டைப் போடத் தகுதியான நிலையில் நூறு கோடி அணுவுக்கு ஐந்து போலத்தான் இருக்கும். அப்படியிருந்தும் அதன் கோடு தெரிகிறதென்றால் மொத்தத்தில் எவ்வளவு ஹைட்ரஜன் இருக்க வேண்டும்! சூரியனில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுவுக்குக் கால்சியம் இரண்டு அணுதான் என்பது இன்றைய கணக்கு. பெய்னின் கணக்கும் அந்தத் திசையில்தான் வந்தது. விண்மீன் என்பது பெரும்பாலும் ஹைட்ரஜன், அடுத்தபடியாக ஹீலியம். மற்றதெல்லாம் உப்புக்கும் உறைக்கும் காணாத அளவு.

ஆய்வேட்டைப் பிரின்ஸ்டனின் ஹென்றி நாரிஸ் ரசல் படித்தார். அன்றைய அமெரிக்க வானியலில் அவர் சொல்வதே முடிவு. இப்படி இருக்கவே முடியாது என்று கடிதம் எழுதினார். 25 வயதுப் பெண் என்ன செய்வார்? தான் கண்ட ஹைட்ரஜன், ஹீலியம் அளவு பெரும்பாலும் மெய்யாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே எழுதிச் சேர்த்தார். 1925.

ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும். பி.எஸ்சி. மாணவர்கள் ஸ்பெக்ட்ரோமீட்டரில் சோடியம் கோட்டைக் கிராஸ் வயரில் நிறுத்தி வெர்னியரில் ரீடிங் எடுப்பார்கள். சோம்பல்பட்ட சிலர் 589 என்ற விடையை முன்பே தெரிந்துகொண்டு, அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுவார்கள். இருட்டறையில் விளக்கே எரிந்திருக்காது! அந்தத் திருட்டுத்தனத்தைப் பிடிப்பது எங்கள் வேலை. இங்கே நேர் எதிராக, நேர்மையாக எடுத்த ரீடிங்கை ஒரு மாணவியிடமிருந்து பறித்து, பெரியவர்களுக்குத் தெரிந்த விடையை எழுத வைத்திருக்கிறார்கள்.

ரசல் கெட்டவர் இல்லை. சாஹாவின் கோட்பாட்டை அமெரிக்காவில் முதலில் கொண்டாடியவர்களில் அவரும் ஒருவர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1929இல், வேறு வழியில் கணக்கிட்டுப் பார்த்து, ஹைட்ரஜன்தான் மிகுதி என்று அவரே எழுதினார். பெய்னின் பெயரையும் குறிப்பிட்டார். என்றாலும் கண்டுபிடிப்பு நெடுங்காலம் ரசலின் கணக்கிலேயே இருந்தது. பெய்னின் சம்பளம் சில காலம் தளவாடச் செலவில் எழுதப்பட்டது. பேராசிரியர் பதவி 1956இல் கிடைத்தது. பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் கதையில் அவர் யாரையும் திட்டவில்லை. சரியென்று தெரிந்தும் பெரியவர் சொல்லுக்குப் பணிந்தது தன் குற்றமே என்று எழுதியிருக்கிறார். நான் அதை ஏற்க மாட்டேன். 25 வயதுக்காரி பணிந்தது குற்றமென்றால், பணிய வைத்த 47 வயதுக்காரர் செய்ததற்கு என்ன பெயர்?

எடிங்டன் பெயரைச் சொன்னேன். பெய்னை வானியலுக்கு இழுத்த அதே எடிங்டன்தான் பின்னாளில் நம் சந்திரசேகரை மறித்தார். சுருக்கமாகச் சொல்கிறேன். விண்மீனின் நிறம் அதன் வெப்பம். அடுப்புக் கங்கைப் பார்த்துப் பழகிய நமக்குச் சிவப்பு என்றால் கொதிப்பு. வானத்தில் சிவப்புதான் ஆறியது. திருவாதிரை நட்சத்திரம் சுமார் 3,500 கெல்வின், அதே ஓரியன் கூட்டத்தின் மறு மூலையில் நீலமாக மின்னும் ரைஜல் 12,000 கெல்வின். ஆறிய திருவாதிரை அவ்வளவு பிரகாசமாக இருக்கிறதென்றால் அது மிகப் பெரியதாக இருக்க வேண்டும். இதைத் தலைகீழாகப் பாருங்கள்: சிரியஸின் துணை விண்மீன் வெள்ளையாகத் தகிக்கிறது, ஆனால் மிக மங்கல். அப்படியானால் அது மிகச் சிறியது. பூமி அளவு உடம்பு, சூரியன் அளவு நிறை. இந்த வெண்குள்ளன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போனால் அது நிலைக்காது என்ற கணக்கு, 1930இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது சந்திரசேகருக்குப் பிடிபட்டது. 1935 ஜனவரி 11 அன்று லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும் எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்ற பொருளில் கிண்டலாக மறுத்தார். அவை சிரித்தது. சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை, மாற்றி எழுதவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். நோபல் பரிசு 1983இல், 73ஆம் வயதில் வந்தது. எடிங்டனோடு கடைசி வரை நட்பாகவே இருந்து, அவருடைய நூற்றாண்டில் அவர் புகழைப் பேசியவரும் சந்திரசேகர்தான். இந்தப் பெருந்தன்மையை நான் வணங்குகிறேன். ஆனால் எல்லா இளைஞர்களிடமும் இதை எதிர்பார்க்க நமக்கு உரிமை கிடையாது.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டர் நினைவிருக்கும். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே அனுப்பி, இரத்தம் எதை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கும் கருவி அது. ஹைடல்பர்க்கில் தொடங்கிய கலைதான். மூச்சு நன்றாகத்தான் வருகிறது, எனக்கு ஒன்றுமில்லை என்று அடித்துச் சொன்ன பெரியவர்கள் பலருக்கு அது 90க்குக் கீழே காட்டியது. கருவியை நம்பி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. மகனோ மருமகளோ கெஞ்சியும் தன் அனுபவத்தை நம்பி வீட்டிலேயே இருந்தவர்களும் உண்டு. மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

அனுபவத்தைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். ரசலின் சந்தேகம் தேவையானதுதான். புதிதாக ஒன்றைச் சொல்பவரிடம் ஆதாரம் கேட்பது பெரியவர்களின் கடமை. பெய்னின் தகடுகளை வாங்கி, அவர் போட்ட கணக்கை 1925லேயே தானும் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் ரசலின் பெயரும் கெட்டிருக்காது, நான்கு ஆண்டுகளும் வீணாகியிருக்காது. இளையவர் ஒன்றைச் சொல்லும்போது எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்பது ஒரு வகை. உனக்கென்ன தெரியும் என்று கேட்பது இன்னொரு வகை. பன்சன் முதல் வகை.

ஆய்வகங்களில் இன்னும் வேலையில் இருக்கும் என் இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1928இல் சர் சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு, பொருளில் பட்டுச் சிதறும் ஒளி நிறம் மாறி வருவதைக் கண்ட பிப்ரவரி 28ஐத்தான் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். பெரும்பாலும் மேடை, மாலை, நினைவுப் பரிசு என்று முடிந்துவிடுகிறது. அன்று ஒரு மாலைப் பொழுது இயற்பியல் இருட்டறையைத் திறந்து வையுங்கள். சோடியம் விளக்கை அரை மணி முன்பே போட்டுவிடுங்கள். ஏற்றியதும் இளஞ்சிவப்பாகத்தான் எரியும், மஞ்சள் வர நேரமாகும். அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அவர்களோடு தாத்தா பாட்டிகளையும் வரச் சொல்லுங்கள். முதலில் பிள்ளைகள் பார்க்கட்டும், என்ன தெரிகிறது என்று அவர்களே சொல்லட்டும். பெரியவர்கள் அதற்குப் பிறகு கண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.